பெருத்த பிள்ளைக்கு வைட்டமின் டி குறைவா? டெஸ்ட்ல இருந்து மருந்து வரைக்கும்

"பிள்ளை கொழுகொழுனு இருக்கான், இவனுக்குப் போயி சத்துக் குறைவா?"னு பாட்டிமாருங்க கேக்காத வீடு நம்ம மலேசியா சுங்கை சிப்புட் பக்கம் இருக்காது. ஆனா வைட்டமின் டி விஷயத்துல கதை தலைகீழ். ஒல்லிப் பிள்ளைய விட பெருத்த பிள்ளைக்குத்தான் ரத்தத்துல டி குறைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம், ஏன்னா இது கொழுப்புல கரையுற வைட்டமின், உடம்புல கொழுப்பு நிறைய இருந்தா அதுக்குள்ள போயி பரவிக்கும், ரத்தத்துல சுத்துறது கம்மியாயிடும். ஒரு கரண்டி உப்ப வீட்டு ரசச் சட்டியில போடுறதுக்கும் கல்யாண வீட்டு அண்டாவுல போடுறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். அதனாலதான் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு குடுத்த அதே டோஸ் உங்க பிள்ளைக்குப் பத்தாது, 2 மடங்கு 3 மடங்கு தேவைப்படும், அந்த அளவுக்குப் போகும்போது டாக்டர் இல்லாம போகக்கூடாது. இந்த ரெண்டும் சேந்து மனசுல நிக்கணும், ஒண்ண மட்டும் பிடிச்சுக்கிட்டு "2 மடங்கு குடுக்கலாமாம்"னு பார்மசிக்கு ஓடிடாதீங்க.

நம்ம நாட்டுல இது அபூர்வமான பிரச்சனையும் இல்ல. 2019 தேசிய சுகாதார ஆய்வுல 5ல இருந்து 17 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்கள்ல 29.8 சதவீதம் பேரு எடை கூடியோ பருமனாவோ இருந்தாங்க. கோலாலம்பூர் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைங்கள வச்சு செஞ்சு 2011ல வெளியான ஒரு ஆய்வுல 10 பேருல 7 பேருக்கு டி அளவு 50 நானோமோலுக்கு (போதும்னு சொல்ற அளவு, விவரம் கீழ இருக்கு) மேல போகல, எடைக்கும் அதுக்கும் தொடர்பு இருக்குனும் அதுலயே வந்துச்சு. வருஷம் பூரா வெயில் கொளுத்துற ஊர்ல இப்படி. ஏன்னு கீழ வெயில் பத்தி சொல்லும்போது சொல்றேன்.

முதல்ல பிள்ளை நிஜமாவே பருமனானு பாக்கணும். கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க, பெரியவங்களுக்குப் போடுற 25, 30 பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற) கணக்கும் பிள்ளைங்களுக்கு ஒத்துவராது, வயசுக்கும் ஆணா பொண்ணாங்கறதுக்கும் தகுந்த சார்ட்ல வச்சுப் பாக்கணும். பள்ளியில நாலாம் ஆண்டுல இருந்து செகாக்ங்கற உடல் தகுதி டெஸ்ட் எடுக்கும்போது உயரம், எடை, பிஎம்ஐ எல்லாம் எழுதி வைப்பாங்க, அந்த ரிசல்ட்ட கேட்டு வாங்கிட்டு கவர்மெண்டு கிளினிக்குக்கு எடுத்துட்டுப் போங்க, பாதி வேலை முடிஞ்சுது.

பெருத்த பிள்ளை எல்லாத்துக்கும் டி டெஸ்ட் எடுத்தே ஆகணும்னு கிடையாது. அமெரிக்காவோட எண்டோகிரைன் சொசைட்டி (ஹார்மோன் டாக்டருங்க சங்கம்) 2024ல புதுசா சொன்னதுல கூட, நல்லா இருக்குறவங்களுக்கு சும்மா சும்மா டெஸ்ட் வேணாம்னுதான் இருக்கு. ஆனா கால் வலிக்குது, மாடிப்படி ஏற சிரமப்படுது, தரையில உக்காந்தா கைய ஊனித்தான் எந்திரிக்குது, கால் வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு, லேசா விழுந்ததுக்கே எலும்பு உடைஞ்சிருக்கு, இல்ல பிள்ளை வீட்ட விட்டு வெளியவே வர்றதில்ல, வலிப்புக்கு மருந்து சாப்பிடுது, ரொம்ப நாளா ஸ்டீராய்டு எடுக்குது, இதுல ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட டெஸ்ட் பத்தி வாயைத் தொறந்து கேளுங்க. சில வலிப்பு மாத்திரைங்க, உதாரணத்துக்கு பீனைட்டாயின், கார்பமாசெபைன், பீனோபார்பிட்டால், உடம்புல இருக்குற டிய சீக்கிரம் அழிச்சிடும், அதை டாக்டருக்கு கட்டாயம் சொல்லணும்.

முக்கால்வாசிப் பிள்ளைங்களுக்கு வெளிய எந்த அறிகுறியும் தெரியாதுங்கறதும் உண்மைதான்.

ஒரு விஷயம் மட்டும் இங்கேயே சொல்லிடுறேன், ஏன்னா இதை "டி குறைவுதான், வளருற வயசுதான்"னு விட்டுட்டு அவஸ்தைப் படுறாங்க. பெருத்த பிள்ளை, 10 வயசு தாண்டினது, திடீர்னு நொண்டி நடக்குது, முட்டி வலிக்குது இல்ல தொடை வலிக்குதுனு சொல்லுது, பாதம் வெளிப்பக்கமா திரும்பியிருக்கு அப்படினா அது இடுப்பு மூட்டுல தொடை எலும்போட உருண்டை நழுவுற பிரச்சனையா இருக்கலாம். கோளாறு இடுப்புல, வலி தெரியுறது முட்டியில, அதான் ஏமாத்திடும். பிள்ளைய நடக்க விடாதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே. எண்ணெய் தேச்சு உருவி விடுற வேலையே வேணாம்.

அப்புறம் கழுத்துப் பின்னாடி, அக்குள்ல கருப்பா வெல்வெட் துணி மாதிரி தடிச்சிருந்தா அது அழுக்கு இல்ல. தேங்கா நாரப் போட்டு தேச்சுத் தேச்சு பிள்ளைய அழ வைக்காதீங்க, அது இன்சுலின் சரியா வேலை செய்யாததோட அடையாளம். டிக்கு ரத்தம் எடுக்குற அன்னைக்கே சக்கரை, கொழுப்பு, லிவர் எல்லாத்தையும் சேத்துப் பாக்க சொல்லிடுங்க, ரத்தமும் ஒரே குத்துல போயிடும்.

சரி, டெஸ்ட். கேக்க வேண்டியது 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. 1,25னு இன்னொண்ணு இருக்கு, அது வேற, டி குறைவா இருந்தாலும் அது நார்மலா காட்டும், சில சமயம் அதிகமாக்கூட காட்டும், காசு தண்டம். கூடவே கால்சியம், பாஸ்பேட், ஏஎல்பி (எலும்பு நிலைமைய காட்டுற நொதி), தேவைன்னா பிடிஎச் (கால்சியத்த கட்டுப்படுத்துற ஹார்மோன்) பாப்பாங்க. சின்ன கவர்மெண்டு கிளினிக்ல டி டெஸ்ட் எப்பவும் இருக்கும்னு சொல்ல முடியாது, டாக்டர் லெட்டர் குடுத்தா ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி குழந்தைங்க பிரிவுக்குப் போகலாம், தனியார் லேப்ல எடுக்குறதா இருந்தா முன்கூட்டியே போன் பண்ணி எத்தனை வெள்ளினு கேட்டுட்டுப் போங்க, இடத்துக்கு இடம் விலை மாறும்.

ரிசல்ட் பேப்பர் கைக்கு வந்ததும் நம்பர மட்டும் பாத்து பயப்படாதீங்க, சந்தோஷமும் படாதீங்க, பக்கத்துல என்ன அளவு போட்டிருக்குனு பாருங்க. 1 லிட்டருக்கு இத்தனை நானோமோல்ங்கறது ஒரு கணக்கு, 1 மில்லிக்கு இத்தனை நானோகிராம்ங்கறது ஒரு கணக்கு. 1 நானோகிராம்னா 2.5 நானோமோல். 28னு வந்திருக்குனு வச்சுக்குவோம், அது நானோமோலா இருந்தா பிள்ளைக்கு மருந்து வேணும், நானோகிராமா இருந்தா 70 நானோமோல் ஆச்சு, பிள்ளை நல்லாத்தான் இருக்கு. இன்டர்நெட்ல படிக்கிற பாதிக் குழப்பம் இங்கதான், அமெரிக்கக்காரன் நானோகிராம்ல எழுதுறான், நம்ம லேப் பேப்பர்ல பெரும்பாலும் நானோமோல்தான் வருது. 2016ல பல நாட்டு குழந்தை டாக்டருங்க சேந்து போட்ட வழிகாட்டிப்படி 30 நானோமோலுக்கு கீழ போனா குறைபாடு, 30ல இருந்து 50 வரைக்கும் பத்தாக்குறை, 50க்கு மேல போதும். சில ஸ்பெஷலிஸ்ட் 75 வரணும்பாங்க, அது அவங்க பழக்கம், 2011ல எண்டோகிரைன் சொசைட்டி சொன்ன அந்த இலக்க அவங்களே 2024ல கைவிட்டுட்டாங்க. எனக்குக் கேட்டா பெருத்த பிள்ளைய 75க்கு கொண்டு வரணும்னு டோஸ ஏத்திக்கிட்டே போறத விட 50க்கு மேல கொண்டு வந்து அங்கேயே நிக்க வைக்கிறது புத்திசாலித்தனம்.

இப்ப டோஸ். குறைபாடு இருக்குற சாதாரண எடைப் பிள்ளைக்கு 1 வயசுல இருந்து 18 வரைக்கும் அதே சொசைட்டியோட 2011 வழிகாட்டி சொன்னது தினம் 2000 ஐயூ (வைட்டமின் அளக்குற அலகு), இல்லாட்டி வாரம் ஒரு தடவ 50,000 ஐயூ, குறைஞ்சது 6 வாரம். பருமனான பிள்ளைக்கு இதுல 2ல இருந்து 3 மடங்கு, அதாவது தினம் 4000ல இருந்து 6000 வரைக்கும் போகலாம். இதைப் படிச்சிட்டு நீங்களே குடுக்கக்கூடாதுன்னு ஏன் சொல்றேன்னா, டாக்டர் பாக்காம குடுக்குறதுக்கான உச்ச வரம்பு 4ல இருந்து 8 வயசுக்கு 3000 ஐயூ, 9 வயசுக்கு மேல 4000 ஐயூ, பெருத்த பிள்ளைக்கு குறைபாட்ட சரி பண்ற டோஸ் இந்தக் கோட்ட தொட்டோ தாண்டியோதான் போகும். கோட்டத் தாண்டும்போது கால்சியம் ஏறுதா, கிட்னி எப்படி இருக்குன்னு பாக்க ஒருத்தர் வேணும். எலும்பே மிருதுவாகி வளையுற ரிக்கெட்ஸ் வந்திருந்தா கணக்கு வேற, குறைஞ்சது 12 வாரம் மருந்து, கூடவே தினம் 500 மில்லிகிராமுக்கு குறையாம கால்சியம், அதெல்லாம் ஸ்பெஷலிஸ்ட் வேலை.

ஐயூ புரியலன்னா டப்பாவுல மைக்ரோகிராம்னும் போட்டிருக்கும், 25 மைக்ரோகிராம்னா 1000 ஐயூ, 10னா 400.

வாரத்துக்கு ஒண்ணுனு 50,000 குடுத்தா ரொம்ப ஜாக்கிரதை. மாத்திரை ஒண்ணுதானேனு தினமும் குடுத்துட்டா விஷமாயிடும். ஞாயித்துக்கிழமைனு ஒரு நாள முடிவு பண்ணி சுவத்துல தொங்குற காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க, குடுத்ததும் அடிச்சிடுங்க, அப்பா ஒரு தடவ குடுத்து அம்மா ஒரு தடவ குடுத்து பாட்டி ஒரு தடவ குடுக்குற வீடா இருந்தா மருந்து ஒருத்தர் கையில மட்டும் இருக்கணும்.

வாங்கும்போது பாக்க வேண்டியது. டி3 நல்லது, டி2வும் வேலை செய்யும், ஆனா டி3 ரத்தத்துல ரொம்ப நாள் நிக்கும். டப்பாவுல MAL (மால்)னு ஆரம்பிக்கிற பதிவு நம்பரும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கணும், ஆன்லைன்ல மலிவா வர்ற சாமான்ல இது இல்லைன்னா விட்டுடுங்க. சொட்டு மருந்துல பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு, ஒரு கம்பெனி 1 சொட்டுல 400 ஐயூ வச்சிருக்கும், இன்னொரு கம்பெனி 1 மில்லில 400 வச்சிருக்கும், 1 மில்லினா கிட்டத்தட்ட 20, 30 சொட்டு, அப்ப டப்பா மாத்தி பழைய டிராப்பர்ல ஊத்துனா என்ன ஆகும்னு கணக்குப் போட்டுப் பாருங்க. 2010ல அமெரிக்க மருந்து அதிகாரிங்க கைக்குழந்தைங்க விஷயத்துல இதுக்காகவே எச்சரிக்கை விட்டாங்க. அந்தந்த பாட்டிலோட வந்த டிராப்பர மட்டும் பாவிங்க.

நம்ம ஆளுங்க கவனிக்காத இன்னொண்ணு: மெத்துனு இருக்குற கேப்சூல் நிறைய மாட்டு ஜெலட்டின்ல செஞ்சது. ஹலால் முத்திரை இருந்தா மாடு இல்லனு அர்த்தம் கிடையாது, பன்னி இல்லனுதான் அர்த்தம். மாட்டிறைச்சி சேக்காத வீடா இருந்தா பார்மசிஸ்ட்கிட்ட மீன் ஜெலட்டினா, செடியில செஞ்ச கேப்சூலா, இல்ல மாத்திரையா சொட்டா இருக்கானு கேளுங்க, அவங்க தப்பா எடுத்துக்க மாட்டாங்க. சுத்த சைவமா இருந்தா டி3யே பெரும்பாலும் ஆட்டு ரோமத்து எண்ணெயில இருந்துதான் எடுக்குறாங்க, லைக்கன்ங்கற கல்பாசி வகையில இருந்து எடுத்த டி3யும் கிடைக்குது, டி2வும் இருக்கு.

தாத்தாவுக்கு கிட்னி பிரச்சனைக்கு ஆஸ்பத்திரியில குடுத்த கால்சிட்ரியால், ஆல்பாகால்சிடால் வீட்டுல இருந்தா "இதுவும் வைட்டமின் டிதானே"னு பிள்ளைக்கு குடுத்துடாதீங்க. அது வேற ரகம், கால்சியத்த கிடுகிடுனு ஏத்தும். தாமான்ல (குடியிருப்புல) வீடு வீடா வந்து ஜூஸ் பவுடர் விக்கிற டைரக்ட் செல்லிங் ஆளுங்க "எங்க சாமான்ல எல்லா வைட்டமினும் இருக்கு, டாக்டர் மருந்தே வேணாம்"பாங்க, அதையும் ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டுடுங்க. ஏற்கனவே ஜெல்லி மிட்டாய் மாதிரி மல்டிவைட்டமின், மீன் எண்ணெய்னு ஏதாவது குடுத்துக்கிட்டு இருந்தா எல்லா டப்பாவையும் ஒரு பையில போட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க, டியெல்லாம் கூட்டிப் பாக்கணும், காட் லிவர் எண்ணெயில ஏ வைட்டமினும் ஜாஸ்தி, டிக்காக அத ரெண்டு கரண்டி மூணு கரண்டினு ஏத்தக்கூடாது.

மருந்த வெறும் வயித்துல குடுக்காம சாப்பாட்டோட குடுங்க, கொஞ்சம் கொழுப்பு இருந்தா நல்லா இழுக்கும். அதுக்காக ரோட்டி சானாய் வாங்கிக் குடுக்கணும்னு அர்த்தம் இல்ல, ஒரு முட்டையோ மத்தியானம் வைக்கிற மீன் குழம்போ போதும்.

இப்ப வெயில் விஷயம், இதுலதான் நம்ம ஊர்ல எல்லாரும் தப்புக் கணக்கு போடுறாங்க. "காலையில இளவெயில்ல நிக்க வைங்க, டி கிடைக்கும்"னு எல்லாரும் சொல்றது. காலை 8 மணி வெயில்ல வெளிச்சம் இருக்கும், டி செய்யத் தேவையான யூவிபி கதிர் இருக்காது, சூரியன் உயரத்துல இருந்தாத்தான் அது கீழ வரைக்கும் வரும். அதோட நம்ம கடிகாரமே முந்தி ஓடுது. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியா நேரத்த அரை மணி முன்னுக்கு தள்ளி சபா சரவாக்கோட சேத்துட்டாங்க, அதனால நம்ம பக்கம் சூரியன் உச்சிக்கு வர்றதே மதியம் சுமாரா 1.15க்கு. கடிகாரத்துல 8னா சூரியக் கணக்குல 7 மணி கூட ஆகல. பள்ளி சபைகூடல்ல பிள்ளைங்க வரிசையா நிக்கிறாங்களே, அதுல வேர்வை வரும், டி வராது.

சுலபமான வழி நிழலப் பாருங்க. பிள்ளையோட நிழல் பிள்ளைய விட நீளமா இருந்தா டி கம்மி, நிழல் ஆள விட குட்டையாச்சுன்னா டி கிடைக்குது, நம்ம ஊர்ல அது காலை 10.15 வாக்குல இருந்து சாயங்காலம் 4 மணி வரைக்கும். உச்சி வெயில் வேணாம், லீவு நாள்ல 10.30 மணிக்கு கை கால் தெரியுற மாதிரி டிரவுசர் போட்டு கொஞ்ச நேரம் பந்து விளையாட விடுங்க, தோல் எரியுற அளவுக்குப் போகக்கூடாது, தண்ணி கையில இருக்கணும். எத்தனை நிமிஷம்னு எல்லாருக்கும் ஒரே கணக்கு கிடையாது, கருத்த தோலுக்கு வெளுத்த தோல விட அதிக நேரம் வேணும். செம்பனை நிழல்ல நின்னா பத்தாது, கார் கண்ணாடிக்கு உள்ள உக்காந்தா யூவிபி உள்ள வராது, புகைமூட்டம் வர்ற மாசங்கள்ல வெளிய விடவே கூடாது. அந்தக் காலத்துல தோட்டத்து லயத்துப் பிள்ளைங்க பள்ளி விட்டு வந்து பையத் தூக்கிப் போட்டுட்டு திடல்ல கெடந்தாங்க, இப்ப பள்ளி, டியூஷன், போன், எல்லாமே கூரைக்கு கீழ.

ஆனா வெயில மட்டும் நம்பி குறைபாட்ட சரி பண்ண முடியாது. ஒரே அளவு யூவிபி காட்டிப் பாத்த ஒரு ஆய்வு 2000ல வந்துச்சு, பருமனான பெரியவங்களுக்கு ரத்தத்துல டி ஏறுனது மத்தவங்களுக்கு ஏறுனதுல பாதி கூட இல்ல. தோல் டி செய்யுது, கொழுப்பு அதைப் பிடிச்சு வச்சுக்குது. வெயில்ல விளையாடுறதோட பெரிய லாபம் பிள்ளை ஓடுறதுதான்.

சாப்பாட்டுலயும் அப்படித்தான். முட்டை மஞ்சக்கருவுல சுமாரா 40 ஐயூ, டின் சார்டின் 100 கிராம்ல 200க்கு கொஞ்சம் குறைவா, ஈக்கான் கெம்போங் மீன்லயும் உண்டு, ஆனா தினம் 4000 தேவைப்படுற பிள்ளைக்கு இதெல்லாம் துணைக்குத்தான். சால்மன் வாங்கி காசக் கரைக்காதீங்க. மைலோ மாதிரி மால்ட் தண்ணி டப்பாவுல டி சேத்திருக்குனு போட்டிருந்தா கூட அதுக்காக தினம் மூணு கப் குடுத்தா கூடப் போற சக்கரைதான் மிச்சம், டின் பால் பாலே கிடையாது, அது சக்கரைக் குழம்பு. கால்சியத்துக்கு ஈக்கான் பிலிஸ (நெத்திலிக் கருவாடு) உப்பு போக ஊற வச்சு எடுத்துக்கலாம், தாவு (சோயா பால் கட்டி), முருங்கைக் கீரை, சக்கரை போடாத பால். கேழ்வரகு மாவு 100 கிராம்ல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம், ஆனா கூழுக்கு சீனி அள்ளிப் போடாம மோரு ஊத்திக் குடுங்க.

டி ஏறுனா எடை குறையும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அப்படி நடக்குறதில்ல. எடைக்கு தனி வேலை பாக்கணும், டயட்டீஷியன்கிட்ட அனுப்ப சொல்லி கிளினிக்ல கேளுங்க, வீட்டுல எல்லாரும் ஒரே சாப்பாட்டுக்கு மாறணும், அவனுக்கு மட்டும் கஞ்சி, அண்ணனுக்கு கோழிப் பொரியல்னு வச்சா ஒரு வாரம் கூட ஓடாது. குண்டா, தடியானு கூப்பிடுற மாமா சித்தப்பாமாருங்கள வாய மூடச் சொல்றதும் இந்த வைத்தியத்துல ஒரு பகுதிதான்.

மருந்து ஆரம்பிச்சு 2, 3 மாசத்துல திரும்ப ரத்தம் எடுக்கணும், அதே லேப்ல எடுத்தா நல்லது. நடுவுல பிள்ளைக்கு வாந்தி, பசியே இல்ல, மலச்சிக்கல், ஓயாத தாகம், அடிக்கடி ஒண்ணுக்கு, சோர்வு இப்படி வந்தா மருந்த நிறுத்திட்டு உடனே டாக்டர பாருங்க, கால்சியம் ஏறியிருக்கலாம். 250 நானோமோலுக்கு மேல போனா ஆபத்தான ஏரியா. எதிர்ப்பக்கமா விரல் மரத்துப் போறது, கை கால் இழுத்துப் பிடிக்கிறது, வலிப்பு, இதெல்லாம் கால்சியம் ரொம்ப கீழ போனதுக்கு அடையாளம், அது எமர்ஜென்சி, 999.

ரெண்டாவது டெஸ்ட்ல ஏறவே இல்லன்னா டோஸ ஏத்துறதுக்கு முன்னாடி நிஜமாவே மருந்து உள்ள போச்சானு பாருங்க, பாதிப் பாட்டில் அப்படியே இருக்கும், இல்ல பிள்ளை மாத்திரைய சோபாவுக்கு அடியில தள்ளியிருக்கும். அதெல்லாம் சரியா நடந்தும் ஏறலன்னா குடல் சரியா உறிஞ்சலையா, லிவர் எப்படி, வேற மருந்து ஏதாவது குறுக்க வருதானு டாக்டர் தேடுவாங்க. ஏறிடுச்சுன்னா அப்படியே நிறுத்திடாதீங்க, நிறுத்துனா சில மாசத்துல பழையபடி இறங்கிடும். சாதாரணப் பிள்ளைக்கு தினம் 600ல இருந்து 1000 ஐயூ வரைக்கும் தொடரச் சொல்வாங்க, பெருத்த பிள்ளைக்கு இங்கயும் அதே 2, 3 மடங்கு கணக்குதான், எடை குறையக் குறைய டாக்டர் டோஸையும் குறைப்பாங்க. வீட்டுல இருக்குற ஒல்லித் தம்பி தங்கச்சிக்கு இந்தப் பெரிய டோஸ் பாட்டில்ல கை வைக்காதீங்க, அவங்களுக்கு சாப்பாடும் வெயிலும் சேத்து தினம் 600 ஐயூ போதும்.